ஊருக்கெல்லாம் அக்கா
(அன்னவாசலில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



உங்களில் பலர் வீடுகளில் மகளோ மருமகளோ பிள்ளை உண்டானபோது, கிராம செவிலியர் வந்து பெயர் எழுதிக்கொண்டு போயிருப்பார். அரசு தரும் மகப்பேறு உதவி தவணை தவணையாகக் கைக்கு வந்திருக்கும். அந்தத் திட்டத்துக்கு யார் பெயர் வைத்திருக்கிறார்கள்? டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டம். தமிழ்நாடு முழுவதும் லட்சக்கணக்கான தாய்மார்கள் அந்தப் பெயரை விண்ணப்பத்தில் எழுதுகிறார்கள். அந்த முத்துலட்சுமி யார்? எங்கிருந்தோ வந்தவரா? இல்லை. நம் ஊர்க்காரர். நம் புதுக்கோட்டை மண்ணில் 1886-ஆம் ஆண்டு ஜூலை 30-ஆம் நாள் பிறந்தவர். 1968-ஆம் ஆண்டு ஜூலை 22-ஆம் நாள், எண்பத்திரண்டாவது பிறந்தநாளுக்கு எட்டே நாள் இருக்கும்போது மறைந்தவர்.

அவரைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் ஒரு பட்டியலைப் படிப்பார்கள். புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் சேர்ந்த முதல் பெண். சென்னை அரசு மகப்பேறு மருத்துவமனையின் முதல் பெண் ஹவுஸ் சர்ஜன். சென்னை சட்டமன்றத்தின் முதல் பெண் உறுப்பினர், முதல் பெண் துணைத் தலைவர். சென்னை மாநகராட்சியின் முதல் பெண் ஆல்டர்மேன். எல்லாம் உண்மை. எல்லாம் பெருமை. ஆனால் இன்று அந்தப் பட்டியலை விரித்துப் பேச நான் வரவில்லை.

நம் ஊர்களில் ஒரு தாய் இறந்து போனால், பந்தலில் உட்கார்ந்து எதைப் பேசுகிறோம்? அவள் வாங்கிய பட்டத்தையா பேசுகிறோம்? பேசமாட்டோம். கேட்டவருக்கு இல்லை என்று சொல்லாத கை என்கிறோம். தான் பெற்றதையும் பிறர் பெற்றதையும் ஒரே தட்டில் உட்கார வைத்துச் சோறு போட்டவள் என்கிறோம். கூடப் பிறந்தவர்களுக்கு ஒன்றென்றால் ஓடி வந்து நின்றவள் என்கிறோம். ஒன்றுமில்லாத வீட்டிலும் எதையாவது உண்டாக்கியவள் என்கிறோம். அந்த அளவுகோலைத்தான் இன்று கையில் எடுக்கிறேன். முத்துலட்சுமி எப்படிப்பட்ட தாய்? எப்படிப்பட்ட அக்கா? அவர் எதை உண்டாக்கினார்? எதை அள்ளிக் கொடுத்தார்? இதுதான் என் பேச்சின் பொருள்.

முதலில் அவர் பிறந்த வீட்டுக்குப் போவோம்.

தகப்பனார் நாராயணசாமி ஐயர். மகாராஜா கல்லூரியின் முதல்வர். தாயார் சந்திரம்மாள். கோயிலுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டி விடும் வழக்கம் இருந்த இசை மரபில் பிறந்தவர். இந்த மணத்துக்காக நாராயணசாமி ஐயரை அவருடைய சுற்றத்தார் ஒதுக்கி வைத்தார்கள். தாய் வழியில் ஓர் உலகம், தகப்பன் வழியில் ஓர் உலகம். இரண்டும் முகத்தைத் திருப்பிக்கொண்ட இடத்தில் நின்றது அந்த வீடு. அந்த வீட்டின் மூத்த பிள்ளை முத்துலட்சுமி.

பெண்ணுக்கு வயது வந்ததும் தாய்க்குக் கவலை. காலாகாலத்தில் ஒரு கல்யாணத்தைச் செய்து வைத்துவிட வேண்டும் என்று சந்திரம்மாள் துடித்தார். அதை நாம் குறையாகச் சொல்ல முடியுமா? தன் குலத்துப் பெண்களுக்கு என்ன நடந்தது என்பதைக் கண்ணால் பார்த்த தாய் அவர். தன் மகளுக்குத் தாலி ஏற வேண்டும், ஊர் மதிக்க வேண்டும் என்று அவர் விரும்பினார். தகப்பனாரோ மகளைப் படிக்க வைக்க விரும்பினார். பள்ளியை விட்டு நின்ற பிறகும் வீட்டிலேயே பாடம் நடந்தது. மெட்ரிகுலேஷன் தேர்வை எழுதித் தேறினார். அடுத்தது கல்லூரி. கல்லூரியில் அதுவரை ஆண்கள் மட்டுமே படித்தார்கள்.

ஊர் கொதித்தது. இந்தப் பெண்ணைச் சேர்த்தால் எங்கள் பையன்களை நிறுத்திவிடுவோம் என்றார்கள் சிலர். அவள் பிறப்பைச் சொல்லித் தடுத்தார்கள் சிலர். மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். மன்னரின் வார்த்தைக்கு மேல் வார்த்தை இல்லை. மூடிய வண்டியில் கல்லூரிக்குப் போனார். மாணவர்கள் ஒரு புறம், நடுவில் திரை, மறுபுறம் இந்த ஒற்றைப் பெண். திரைக்குப் பின்னால் உட்கார்ந்து படித்தார். படித்துத் தேறினார். 1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1912-இல் தங்கப் பதக்கங்களோடு மருத்துவராக வெளியே வந்தார்.

திரைக்குப் பின்னால் ஒரு பெண்ணை உட்கார வைத்தால் அவள் என்ன ஆவாள்? ஒன்று, கசந்து போவாள். தன்னை ஒதுக்கிய ஊரை வெறுப்பாள். அல்லது, தனக்குக் கிடைத்த கதவைத் தனக்குப் பின்னால் சாத்திக்கொண்டு தன் வாழ்க்கையைப் பார்ப்பாள். முத்துலட்சுமி இரண்டையும் செய்யவில்லை. கதவைத் திறந்தே வைத்தார். தங்கை நல்லமுத்து அந்த வழியில் வந்தார். பின்னாளில் சென்னை ராணி மேரி கல்லூரியின் முதல் இந்திய முதல்வர் ஆனார். அக்கா திரைக்குப் பின்னால் படித்தார், தங்கை ஆயிரமாயிரம் பெண்களுக்குக் கல்லூரி நடத்தினார். ஒரு வீட்டில், ஒரு தலைமுறைக்குள் நடந்த மாற்றம் இது!

கல்யாணத்துக்கு வருவோம். 1914-இல், இருபத்தெட்டை ஒட்டிய வயதில், டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். அந்தக் காலத்தில் அந்த வயதுவரை கல்யாணமாகாத பெண்ணை ஊர் என்னவெல்லாம் பேசியிருக்கும்! அவர் அவசரப்படவில்லை. தன்னைச் சமமாக மதிக்க வேண்டும், தன் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்று நிபந்தனை சொல்லித்தான் சம்மதித்தார். சுந்தர ரெட்டி ஒப்புக்கொண்டார். சொன்ன சொல்லைக் காத்தார். ராம்மோகன், கிருஷ்ணமூர்த்தி என்று இரண்டு ஆண் பிள்ளைகள் பிறந்தார்கள். மருத்துவத் தொழில் நன்றாக நடந்தது. வீடு நிறைந்திருந்தது.

அந்த நிறைந்த வீட்டில்தான் இடி விழுந்தது.

இன்னொரு தங்கை சுந்தராம்பாளுக்கு உடம்புக்கு முடியவில்லை. வயிற்றுக் கோளாறு என்று முதலில் நினைத்தார்கள். வயிற்றுப்போக்குக்கு வைத்தியம் நடந்தது. நாள் போனது. பிறகுதான் தெரிந்தது, அது புற்றுநோய். தெரியும்போது காலம் கடந்திருந்தது. 1920-களின் தொடக்கத்தில் சுந்தராம்பாள் இறந்து போனார்.

தாய்மார்களே, கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். அக்கா ஒரு டாக்டர். அத்தான் ஒரு டாக்டர். சென்னையில் கிடைத்த வைத்தியம் எதுவும் அந்த வீட்டுக்கு எட்டாமல் இல்லை. ஊரில் எத்தனையோ பெண்களின் உயிரைக் காப்பாற்றிய கை, தன்னோடு பிறந்தவளைக் காப்பாற்ற முடியாமல் நின்றது. நோய் முற்றிய பின் வலியைப் பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர வேறு வழியில்லை. இப்படி ஒரு துக்கம் நம் வீட்டில் விழுந்தால் நாம் என்ன செய்வோம்? அழுவோம். படத்துக்கு மாலை போடுவோம். திதி கொடுப்போம். அதெல்லாம் சரிதான், செய்ய வேண்டியதுதான். முத்துலட்சுமியும் அழுதார். ஆனால் அழுதுவிட்டு அவர் கேட்ட கேள்வி வேறு. என் தங்கைக்கு நேர்ந்தது இன்னொருத்தியின் தங்கைக்கு நேராமல் இருக்க என்ன செய்ய வேண்டும்?

அந்தக் கேள்விக்குப் பதில் எழுத அவருக்கு முப்பது ஆண்டுகள் பிடித்தன. அதற்குப் பிறகு வருகிறேன். அதற்கு முன்னால், நடுவில் அவர் செய்த இரண்டு காரியங்களைச் சொல்லியாக வேண்டும். ஏனென்றால், தன் வீட்டில் பட்ட அடியிலிருந்து பிறருக்கு வழி உண்டாக்கும் பழக்கம் அவருக்கு ஒரு முறை மட்டும் வந்ததல்ல. வாழ்நாள் முழுக்க அதுதான் அவருடைய வேலை.

முதல் காரியம், சட்டம்.

1925-இல் பெண்கள், குழந்தைகள் நோய்களைப் பற்றி மேற்படிப்புக்காக லண்டன் போனார். திரும்பி வந்ததும், 1926-இன் முடிவில், இந்திய மாதர் சங்கத்தின் முயற்சியால் சென்னை சட்டமன்றத்துக்கு நியமிக்கப்பட்டார். வைத்தியத் தொழிலை விட்டுவிட்டு எப்படிப் போவது என்று முதலில் தயங்கினார். போனதும் ஒருமனதாகத் துணைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். அங்கே அவர் கையில் எடுத்தது என்ன? தன் தாயின் குலத்துப் பெண் பிள்ளைகளின் கண்ணீர்.

பொட்டுக்கட்டும் வழக்கம் ஏன் அவ்வளவு காலம் நீடித்தது? பக்தியால் மட்டுமா? இங்கே ஒரு நுணுக்கமான விஷயம் இருக்கிறது, கவனமாகக் கேளுங்கள். கோயில் பணி செய்யும் குடும்பத்துக்கு மானியமாக நிலம் இருந்தது. பணி செய்ய ஒரு பெண் இருந்தால்தான் நிலம். பெண் பிள்ளையைக் கோயிலுக்கு விடவில்லையென்றால் நிலம் கைவிட்டுப் போகும். நிலம் போனால் அடுப்பு எரியாது. ஆக, ஏழு வயது, எட்டு வயதுப் பிள்ளையின் கழுத்தில் பொட்டு ஏறியதற்குப் பின்னால் ஒரு குடும்பத்தின் பசி இருந்தது. வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு ஒழுக்கக்கேடு மட்டும் தெரிந்தது. உள்ளே பிறந்து வளர்ந்த முத்துலட்சுமிக்கு அந்த முடிச்சு தெரிந்தது.

முடிச்சை எப்படி அவிழ்த்தார்? 1929-இல் இந்து சமய அறநிலையச் சட்டத்துக்கு அவர் கொண்டுவந்த திருத்தம் நிறைவேறியது. அது நிலத்தைக் கோயில் பணியிலிருந்து பிரித்தது. பணி செய்ய வேண்டாம், நிலம் உன்னிடமே இருக்கட்டும், அதற்கு ஒரு வரி கட்டினால் போதும் என்றது. அதாவது, பெண்ணுக்குப் பொட்டுக்கட்டாமலே குடும்பம் பிழைக்க வழி பிறந்தது. சீர்திருத்தம் பேசியவர்கள் அந்நாளில் நிறையப் பேர் இருந்தார்கள். வழக்கத்தை ஒழி என்று சொல்வது எளிது. ஒழித்த பிறகு அந்தப் பெண் எதைச் சாப்பிடுவாள் என்று யோசிக்க ஒரு தாயின் மனம் வேண்டும். அந்த மனத்தோடு எழுதப்பட்ட சட்டம் அது.

எதிர்ப்பு சும்மா இருக்குமா? நம் திருமயத்தில் பிறந்த பெரும் தேசத் தலைவர் தீரர் சத்தியமூர்த்தியே எதிர்நின்றார். ஒரே சீமையில் ஓராண்டு இடைவெளியில் பிறந்த இருவர், சென்னை மன்றத்தில் எதிரெதிரே நின்றார்கள். பெங்களூர் நாகரத்தினம்மாள் போன்ற பெரும் கலைஞர்கள், எங்களைக் கேட்காமல் எங்கள் வாழ்க்கையைப் பற்றி முடிவு செய்யாதீர்கள் என்று வாதாடினார்கள். அந்தக் குரலையும் நாம் மரியாதையோடு கேட்க வேண்டும். பக்கத்துக் குடுமியான்மலைக்குப் போய்ப் பாருங்கள். இசைக்கே ஒரு கல்வெட்டு அங்கே இருக்கிறது. உமையாள்வி நாச்சி என்ற தேவரடியார் அம்மனுக்குக் கோயில் எடுத்ததைச் சொல்லும் கல்வெட்டும் அங்கே இருக்கிறது. தன் பொருளில் கோயில் எடுக்கும் அளவுக்கு மதிப்போடு வாழ்ந்த பெண்களின் மரபு அது. அந்த மதிப்பு காலப்போக்கில் தேய்ந்து, கலை தெரிந்த பெண்ணை மிராசுதாரரின் உடைமையாக்கிய இடத்தில்தான் முத்துலட்சுமி குறுக்கே நின்றார். அந்தப் பெண்களின் கலையைக் காக்க வேண்டிய கடமை சமூகத்துக்கு இருந்தது, அதில் சமூகம் தவறியது. ஆனால் ஒரு பிள்ளையின் வாழ்க்கையை அவளுக்கு விவரம் தெரியும் முன்பே எழுதி வைக்கும் உரிமை யாருக்கும் இல்லை. இதில் நான் முத்துலட்சுமியின் பக்கம் நிற்கிறேன். அதே வலியை அனுபவித்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரும் அந்தப் பக்கம்தான் நின்றார். 1947-இல் பொட்டுக்கட்டும் வழக்கத்தைத் தடைசெய்யும் முழுச் சட்டம் வந்தது. இருபது ஆண்டுப் போராட்டம்!

இரண்டாவது காரியம், ஒரு வீடு.

1930-இல் காந்தியடிகளைக் கைது செய்ததைக் கண்டித்துச் சட்டமன்றப் பதவியை உதறினார். அதே ஆண்டில்தான் மூன்று இளம் பெண்கள் அவர் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். பொட்டுக்கட்டும் குடும்பங்களைச் சேர்ந்த பிள்ளைகள். அந்த வாழ்க்கை வேண்டாம், படிக்க வேண்டும் என்று வந்தவர்கள். விடுதிகளில் இடமில்லை என்றார்கள். ஏன் இடமில்லை? பிறப்பு சரியில்லையாம்!

ஒரு நிமிடம் அந்த வாசலில் நிற்போம். கதவைத் திறந்தவர் யார்? பிறப்பைச் சொல்லித் தானும் தடுக்கப்பட்டவர். உள்ளே பெற்ற பிள்ளைகள் இருக்கிறார்கள். வெளியே பெறாத பிள்ளைகள் நிற்கிறார்கள். நாளைக்கு வாருங்கள், யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். ஒரு கடிதம் எழுதிக் கொடுத்து வேறு எங்காவது அனுப்பியிருக்கலாம். உள்ளே வாருங்கள் என்றார். தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். அந்த மூன்று பிள்ளைகளில் தொடங்கியதுதான் ஔவை இல்லம். பின்னால் அடையாற்றுக்கு மாறி, பள்ளிக்கூடமாக, ஆசிரியர் பயிற்சி நிலையமாக வளர்ந்து, இன்றும் ஆதரவற்ற பெண் பிள்ளைகளை வளர்த்துக்கொண்டிருக்கிறது. அங்கே வளர்ந்தவர்கள் ஆசிரியர்கள் ஆனார்கள், செவிலியர்கள் ஆனார்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் இன்று எங்கெங்கோ இருக்கிறார்கள். பேரன் பேத்திகளுக்குத் தங்கள் பாட்டியின் கதை தெரிந்திருக்கலாம், தெரியாமலும் இருக்கலாம். தெரியாவிட்டால்தான் என்ன? அவர்கள் தலைநிமிர்ந்து நடக்கிறார்களே, அது போதாதா?

இப்போது சுந்தராம்பாளுக்குத் திரும்புவோம். நாம் மறந்திருப்போம். அக்கா மறக்கவில்லை.

லண்டனில் படிக்கப் போனபோதே அங்கே புற்றுநோய்க்கு நடக்கும் சிகிச்சையைக் கவனித்தார். காலத்தே வந்தால் பிழைக்க வைக்கலாம் என்பதைக் கண்ணால் கண்டார். 1935-இல், சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவில், புற்றுநோய்க்கென்று ஒரு மருத்துவமனை இங்கே வேண்டும் என்று சொன்னார். கேட்டவர்கள் கைதட்டினார்கள். காரியம் நடக்கவில்லை. போர் வந்தது. சுதந்திரம் வந்தது. மருத்துவமனை வரவில்லை. அவர் விட்டாரா? 1949-இல் இந்திய மாதர் சங்கத்தின் சார்பில் புற்றுநோய் நிவாரண நிதி தொடங்கினார். வீடு வீடாகப் பணம் திரட்டினார்கள். பெரியவர்களும் கொடுத்தார்கள், சில்லறையாகக் கொடுத்தவர்களும் உண்டு. அரசாங்கத்திடம் போனால், புற்றுநோய் வந்தால் எப்படியும் இறந்துதானே போகிறார்கள், அதற்கு ஏன் தனி மருத்துவமனை என்று அதிகாரத்தில் இருந்தவர்கள் கேட்டார்கள். பின்னர் அந்த மருத்துவமனையில் வந்து சேர்ந்த டாக்டர் சாந்தா அம்மையார் இதை நினைவுகூர்ந்திருக்கிறார். இறந்துதானே போகிறார்கள் என்ற அந்தச் சொல், தங்கையைப் பறிகொடுத்தவரின் காதில் எப்படி விழுந்திருக்கும்!

அவர் கோபப்பட்டு வீட்டுக்குப் போகவில்லை. மறுபடி கேட்டார். மறுபடி மறுபடி கேட்டார். 1952-இல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை திறக்கப்பட்டது. எப்படிப்பட்ட மருத்துவமனை? கூரைக் கொட்டகைகள். பன்னிரண்டு படுக்கைகள். மருத்துவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அறுபத்தேழு வயதில், ஓய்வெடுக்க வேண்டிய வயதில், ஒரு கிழவி கொட்டகை போட்டு மருத்துவமனை தொடங்குகிறார்!

யாரை நம்பித் தொடங்கினார்? தன் மகனை. இளைய மகன் கிருஷ்ணமூர்த்தி மருத்துவம் படித்து, அமெரிக்கா சென்று புற்றுநோய்ச் சிகிச்சையில் பயிற்சி பெற்றவர். அப்படிப் படித்த மகனைப் பார்த்து நாம் என்ன சொல்வோம்? நல்ல சம்பளத்தில் உட்கார், சென்னையில் சொந்தமாக ஒரு கிளினிக் வை, வீடு கட்டு என்போம். அது தவறில்லை, பெற்ற மனம் அப்படித்தான் நினைக்கும். இந்தத் தாய் தன் மகனைக் கூரைக் கொட்டகைக்கு அழைத்தார். எதை அள்ளிக் கொடுத்தார் என்று கேட்டேனே, பணத்தை அள்ளிக் கொடுப்பவர்கள் உண்டு, தானியத்தை அள்ளிக் கொடுப்பவர்கள் உண்டு. இவர் தன் மகனையே ஊருக்குக் கொடுத்தார். மகனும் மறுக்கவில்லை. வாழ்நாள் முழுவதையும் அங்கேயே கழித்தார்.

1955-இல் ஓர் இளம் பெண் மருத்துவர் வந்து சேர்ந்தார். அரசு மருத்துவமனை வேலைக்குத் தேர்வாகியிருந்தும் அதை விட்டுவிட்டு வந்தவர். அவர்தான் டாக்டர் வி. சாந்தா. 2021-இல் கண்மூடும்வரை அந்த மருத்துவமனை வளாகமே அவருக்கு வீடு. மகசேசே விருது வந்தது, பத்ம விபூஷண் வந்தது. அவர் இருந்த இடம் மாறவில்லை. கொட்டகை கட்டடமானது. கதிர்வீச்சுச் சிகிச்சைக்குக் கோபால்ட் இயந்திரம் வந்தது. குழந்தைகளின் புற்றுநோய்க்குத் தனிப் பிரிவு வந்தது. பணம் இல்லை என்பதற்காக ஒருவரைத் திருப்பி அனுப்பக் கூடாது என்ற உறுதி மட்டும் முதல் நாள் போலவே நின்றது. வருகிறவர்களில் பெரும்பகுதியினருக்கு இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ சிகிச்சை. நம் மாவட்டத்திலிருந்தும் எத்தனையோ பேர் மஞ்சள் பையில் சீட்டுகளை வைத்துக்கொண்டு அங்கே போய் நின்றிருக்கிறார்கள். அவர்களை உள்ளே கூப்பிட்டது யார்? நூறு ஆண்டுக்கு முன்னால் ஒரு தங்கையை இழந்த அக்கா!

இங்கே ஒரு கேள்வி எழலாம். இவரைப் படைப்பாளி என்று சொல்லலாமா? கதை எழுதினாரா, பாட்டுக் கட்டினாரா, சித்திரம் வரைந்தாரா? ஸ்திரீ தர்மம் என்ற பத்திரிகையின் ஆசிரியராக இருந்தார். சட்டமன்ற அனுபவங்களை நூலாக்கினார், தன் வரலாற்றையும் எழுதினார். ஆனால் அதற்காக மட்டும் அவரைப் படைப்பாளி என்று நான் சொல்லவில்லை. நம் சித்தன்னவாசல் குகைக்குப் போய் மேலே பாருங்கள். வெறும் பாறையில் ஒரு தாமரைக் குளத்தை ஒருவன் கண்டிருக்கிறான். மீன், அன்னம், யானை, பூப்பறிக்கும் மனிதர்கள் எல்லாவற்றையும் கண்டிருக்கிறான். பாறையை மட்டும் பார்த்தவர்கள் ஆயிரம் பேர், குளத்தைப் பார்த்தவன் ஒருவன். முத்துலட்சுமியின் கண்ணும் அப்படிப்பட்டது. மூன்று பெண்கள் நின்ற வாசலில் அவர் ஒரு பள்ளிக்கூடத்தைக் கண்டார். சட்டப் புத்தகத்தின் ஒரு பிரிவில் ஒரு பெண் பிள்ளையின் விடுதலையைக் கண்டார். தங்கையின் மரணப் படுக்கையில், பிழைக்கப் போகும் லட்சம் பேரைக் கண்டார். இல்லாத ஒன்றை இருப்பதாகக் கண்டு, அதைக் கையால் செய்து காட்டுவதற்குப் பெயர் படைப்பு என்றால், அவரைவிடப் பெரிய படைப்பாளி யார்?

ஆனால் நண்பர்களே, புகழ்ந்துவிட்டுக் கலைந்து போவதற்காக நாம் கூடவில்லை. அவருடைய ஊர்க்காரர்கள் என்று சொல்லிக்கொள்ள நமக்குத் தகுதி வேண்டாமா?

நம் மாவட்டத்துப் பெண்களுக்கு அந்தத் தகுதி இருக்கிறது என்று நான் நம்புகிறேன். காரணம் சொல்கிறேன். 1990-களின் தொடக்கத்தில் இந்த மாவட்டத்தில் எழுத்தறிவு கொடுக்கும் அறிவொளி இயக்கம் நடந்தது. ஷீலா ராணி சுங்கத் அப்போது ஆட்சியர். எழுத்துக் கற்றுக்கொண்ட கையோடு பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். கல்குவாரியில் கல் உடைத்த பெண்கள், களை பறித்த பெண்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் என்று பல்லாயிரம் பேர். முன்னால் பிள்ளை, பின்னால் தண்ணீர்க் குடம், நடுவில் அம்மா! நாடே திரும்பிப் பார்த்தது. இந்தக் கூட்டத்திலேயே அப்போது சைக்கிள் பழகி முழங்காலைச் சிராய்த்துக்கொண்ட அம்மாக்கள் இருப்பீர்கள். ஒரு பெண் மூடிய வண்டியில் கல்லூரிக்குப் போன அதே சீமையில், அவள் பேத்தி வயதுப் பெண்கள் சைக்கிள் மிதித்து ஊரை அளந்தார்கள். யாரும் தனியாகப் பழகவில்லை. பழகியவள் அடுத்தவளுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடினாள். அதுதான் அக்காவின் வேலை. அது நமக்குத் தெரியும்.

அந்த வேலையை இன்று இன்னொரு இடத்தில் செய்ய வேண்டியிருக்கிறது. சுந்தராம்பாள் ஏன் இறந்தார்? நோய் தாமதமாகத் தெரிந்ததால் இறந்தார். இன்று நம் பெண்கள் ஏன் இறக்கிறார்கள்? பல பேர் அதே காரணத்தால்தான். அன்றைக்கு இங்கே அதற்குச் சரியான வைத்தியம் இல்லை. இன்றைக்கு வைத்தியம் இருக்கிறது, வாய் திறந்து சொல்வதில்லை. மார்பில் ஒரு கட்டி தட்டுப்படுகிறது. வலிக்கவில்லையே என்று விட்டுவிடுகிறோம். வலிக்காத கட்டியைத்தான் முதலில் காட்ட வேண்டும். தூரம் நின்று வருஷக்கணக்கான பிறகு மறுபடி இரத்தம் படுகிறது. வயதான காலத்தில் இதை யாரிடம் சொல்வது என்று வெட்கப்படுகிறோம். வெள்ளைப்படுதல் நாற்றத்தோடு இருக்கிறது, சூடு என்கிறோம். வெற்றிலை புகையிலை போடும் வாயில் ஆறாத புண், வெந்து போச்சு என்கிறோம். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ராத்திரியோடு ராத்திரியாக ஓடுகிற தாய், தனக்கு என்றால் அறுப்பு முடியட்டும், கல்யாணம் முடியட்டும், திருவிழா முடியட்டும் என்கிறாள். எல்லாம் முடிந்து பார்த்தால் அவளும் முடிந்து போகிறாள்!

இனி அப்படி நடக்கக் கூடாது. ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் அரசு மருத்துவமனைகளிலும் முப்பது வயது தாண்டிய பெண்களுக்குக் கருப்பை வாய், மார்பகப் பரிசோதனைகள் செய்கிறார்கள். காசு இல்லை. நீண்ட நேரம் ஆவதும் இல்லை. தேவைப்படுவது ஒன்றுதான், கூட வருவதற்கு ஒருத்தி. தனியாகப் போகக் கூச்சம். அக்கா கூட வந்தால் தங்கை போவாள். மகள் கூட வந்தால் தாய் போவாள். நாத்தனாரும் கொழுந்தியாளும் சேர்ந்து போனால் சிரித்துக்கொண்டே போய்வருவார்கள்.

ஆண்களே, உங்களுக்கும் சொல்கிறேன். சுந்தர ரெட்டி சொன்ன சொல்லைக் காத்தாரே, நீங்களும் ஒரு சொல் கொடுங்கள். வீட்டுப் பெண் ஒரு நாள் மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்றால், அன்றைக்குச் சோறு யார் ஆக்குவது, மாட்டுக்கு யார் தண்ணீர் காட்டுவது என்று கேட்காதீர்கள். நீங்கள் ஆக்குங்கள். நீங்கள் காட்டுங்கள். ஒரு நாள் உலை வைப்பதால் யார் மதிப்பும் குறைந்துவிடாது.

பிள்ளைகளே, உங்கள் வகுப்பில் பிறப்பைச் சொல்லியோ, குடும்பத்தைச் சொல்லியோ யாராவது ஒதுக்கப்பட்டால், அந்தப் பிள்ளையின் பக்கத்தில் போய் உட்காருங்கள். திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அந்தப் பெண்ணுக்கு அன்று பக்கத்தில் உட்கார ஒருவர்கூட இல்லை. இன்று நீங்கள் இருக்கிறீர்கள்.

தாய்மார்களே, இந்த மாதம் முடிவதற்குள் உங்கள் தெருவில் முப்பது வயது தாண்டிய ஒரு பெண்ணைக் கைப்பிடித்துப் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள். ஒருத்தியை அழைத்துப் போனால் போதும். அடுத்த மாதம் அவள் இன்னொருத்தியை அழைத்துப் போவாள். சைக்கிள் அப்படித்தான் இந்த மாவட்டம் முழுக்கப் பரவியது, இதுவும் பரவும். முத்துலட்சுமி அம்மையாருக்கு நாம் எடுக்கும் விழா அதுதான். அந்த விழாவை அன்னவாசல் தொடங்கி வைக்கட்டும்.